காற்றை மறந்த இருவாச்சி

மலைக்காட்டில் ஒரு குங்கிலிய மரத்தின் பொந்துக்குள் பவளாயி நுழைந்துகொண்டாள். அவள் ஒரு பெண் இருவாச்சிப் பறவை. முட்டையிடும் காலம் வந்தால் இருவாச்சிப் பெண்கள் பொந்துக்குள் போய், சேறும் எச்சமும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். அந்தக் கீறல் வழியேதான் கணவன் பழம் ஊட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவளுக்கு இறகுகளும் உதிர்ந்துவிடும். கணவன் வராவிட்டால் தாயும் பட்டினி, குஞ்சும் பட்டினி.

அவள் கணவன் பெயர் திண்ணப்பன். கல்யாணமான புதிதில் அவனைப் போல ஒரு விளையாட்டுக்காரனை அந்தக் காட்டிலேயே பார்க்க முடியாது. சாயங்காலம் ஆனால் போதும், பள்ளத்தாக்குக்கு மேலே கிளம்பிவிடுவான். சிறகை விரித்தபடி காற்றில் மிதப்பான், சறுக்குவான், தலைகுப்புற விழுவது போல விழுந்து மேலே எழும்புவான். அதனால் ஒரு பழம் கூடக் கிடைக்காது. ஆனாலும் திரும்பி வரும்போது அவன் முகத்தில் ஒரு களை இருக்கும். கூடவே பறக்கும் கூட்டாளி காத்தமுத்துவுக்கும் அப்படித்தான்.

பவளாயி வாசலைப் பூசி முடித்த அன்றைக்கே திண்ணப்பன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"இனிமே விளையாட்டு கிடையாது! வேலை, வேலை, வேலைதான்!"

கீறலுக்குள்ளிருந்து பவளாயி சிரித்தாள். அவன் சும்மா சொல்கிறான் என்று நினைத்தாள். பாவம்!

மறுநாள் சாயங்காலம் காத்தமுத்து வந்தான். அவன் மனைவியும் கீழ்ச் சரிவில் ஒரு மரத்துக்குள் அடைந்து கிடந்தாள். அவனுக்கும் இதே வேலை, இதே பொறுப்பு.

"வாடா திண்ணா! காத்து நல்லா இருக்கு. ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்!"

"உனக்கு வெட்கமே இல்லையா? பொண்டாட்டி உள்ளே கிடக்கா, நீ ஊர் சுத்தக் கூப்பிடுறே!"

"அவளுக்கு வயிறு நிறைய ஊட்டிட்டுத்தான் வர்றேன். கொஞ்ச நேரம்தானேடா!"

"அந்தக் கொஞ்ச நேரத்துல நான் இன்னொரு நடை பழம் கொண்டு வந்துடுவேன்!"

காத்தமுத்து தனியாகவே பறந்து போனான்.

பக்கத்துக் கிளையில் சோலையம்மா என்ற மலையணில் இருந்தாள். யாரையாவது பாராட்டாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "அடேயப்பா! உழைச்சா இப்படி உழைக்கணும்! பவளாயி கொடுத்து வச்சவ!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். திண்ணப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பாராட்டுக்காகவே இன்னும் இரண்டு நடை கூடுதலாகப் பறந்தான்.

அருகிலேயே ஓர் அத்தி மரம் காய்த்துக் குலுங்கியது. திண்ணப்பன் அந்த மரத்துக்குப் போவான், தொண்டை நிறையப் பழத்தை அடைப்பான், நேரே திரும்புவான், ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டுவான், மறுபடியும் போவான். போகிற வழியும் ஒன்று, வருகிற வழியும் அதே ஒன்று. செக்குமாடு கூட நடுவில் நின்று மூச்சு வாங்கும். இவன் அதையும் செய்யவில்லை.

உள்ளே முட்டை பொரிந்து ஒரு குஞ்சு வந்தது.

"என்னங்க, குஞ்சு கண்ணு திறந்துட்டான்! கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!" என்றாள் பவளாயி.

"அப்புறம் பார்க்கலாம். இந்தா, வாயைத் திற!"

"வெளியே வானம் எப்படி இருக்கு? மேகம் கட்டுதா?"

"வானமா? நான் பார்க்கலை."

"ராத்திரியும் இருட்டு, பகலும் இருட்டுன்னு கிடக்கேங்க. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னாத்தானே எனக்கு வெளியே தெரியும்?"

"கதை பேசினா வயிறு நிறையுமா? எனக்கு வேலை தலைக்கு மேலே கிடக்கு!"

பவளாயி அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் மனம் எவ்வளவு வலித்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்கு அப்போது எதுவுமே தெரியவில்லை. காலையில் எழும்போதே உடம்பு கனத்தது. சிறகின் மூட்டு இறுகிப்போய் வலித்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. கொண்டு வருகிற பழத்தில் பாதி காயாக இருந்தது, மீதியில் பாதி புழுத்திருந்தது. ஒருநாள் அசதியில், குஞ்சுக்கென்று கொண்டு வந்த பழங்களைத் தானே விழுங்கிவிட்டு வெறும் தொண்டையோடு வந்து கீறல் முன்னால் திருதிருவென்று விழித்தான். குஞ்சு உள்ளே கத்தியது.

"ஒரு நாளாவது ஓய்வு எடுத்துக்குங்க" என்று கெஞ்சினாள் பவளாயி.

"நான் ஓய்வெடுத்தா உங்க கதி என்ன?" என்று சீறினான் திண்ணப்பன்.

கோடையின் கடைசி வந்தது. குரங்கும் புறாவும் மரநாயும் சேர்ந்து அந்த அத்தி மரத்தை மொட்டையடித்துவிட்டன. இனி பழம் வேண்டுமென்றால் கணவாயைத் தாண்டி எதிர்மலைக்குத்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து மழைக்கு முந்தின காற்று தொடங்கியது. அது சாதாரணக் காற்றா? கணவாய்க்குள் புகுந்தால் மரத்தையே ஒடித்துப் போடும் காற்று.

கணவாய் ஓரத்தில் காத்தமுத்து காத்திருந்தான்.

"திண்ணா, நேரா குறுக்கே போகாதே! இடது பக்கம் மொட்டைப் பாறை இருக்கு பாரு, அங்கே ஒதுங்கு. காத்து பாறையில மோதி மேலே ஏறும். சிறகை விரிச்சுப் படுத்துக்கோ. அதுவே தூக்கி அந்தப் பக்கம் விட்டுடும்! நேத்து சாயங்காலம்கூட அதுலதான் விளையாடினேன்."

திண்ணப்பன் அந்தப் பாறையைப் பார்த்தான். ஒரு காலத்தில் அந்தக் காற்றின் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு அத்துப்படி. இப்போது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான், வரவில்லை. அது அவனுக்கு உள்ளுக்குள் பயத்தைத் தந்தது. பயம் கோபமாக வெளியே வந்தது.

"சுத்துவழியில போய் நேரத்தை வீணாக்கச் சொல்றியா? உன் விளையாட்டுப் புத்தியை என் வேலையில காட்டாதே!"

"டேய், சொல்றதைக் கேளுடா!"

அவன் கேட்கவில்லை. காற்றுக்கு எதிரே நேராகப் பாய்ந்தான். சிறகை அடித்தான், அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். எப்படியோ அக்கரை சேர்ந்தான். கொஞ்சம் பழம் பொறுக்கிக்கொண்டு திரும்பியும் வந்துவிட்டான். ஆனால் அந்த ஒரு நடைக்கே பொழுது சாய்ந்துவிட்டது. காத்தமுத்துவோ அதே நேரத்தில் பல நடை போய் வந்துவிட்டான். அவன் சிறகை அடித்ததாகவே தெரியவில்லை.

மறுநாளும் திண்ணப்பன் நேராகத்தான் போனான். திரும்பும் வழியில், கணவாயின் நடுவில், சிறகு அதற்குமேல் அசைய மறுத்துவிட்டது. காற்று அவனை ஒரு சருகைப் போல வாரி எடுத்து மூங்கில் புதரில் வீசியது. தொண்டையில் இருந்த பழமெல்லாம் தரையில் சிதறியது. எழுந்து பார்த்தான். வலது சிறகு தொங்கியது.

"பவளாயி!" என்று கத்தினான். காற்று அந்தச் சத்தத்தை எங்கேயோ கொண்டு போய்விட்டது.

தலைக்கு மேலே இருவாச்சிகள் மிதந்து போவது மூங்கில் இடுக்கு வழியே தெரிந்தது. ஒருவர் கண்ணிலும் அவன் படவில்லை. சிதறிக் கிடந்த பழங்களை எறும்பு மொய்த்தது. குஞ்சு இந்நேரம் கீறல் பக்கம் வாயைத் திறந்து வைத்திருக்கும் என்று நினைத்து நினைத்து அவன் அழுதான்.

குங்கிலிய மரத்தில் பவளாயி அலகை வெளியே நீட்டிக் காத்திருந்தாள். பொழுது போய்ப் பொழுது விடிந்தது. அவன் வரவில்லை. "வந்துடுவான், வந்துடுவான்! அவனைப் போல உழைப்பாளி உண்டா!" என்று சோலையம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆளைக் காணோமே என்று சந்தேகப்பட்டுத் தேடியவன் காத்தமுத்துதான். மூங்கில் புதரில் கிடந்தவனைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இறங்கினான்.

"என்னை விடு! முதல்ல அங்கே போ! ரெண்டு பேரும் பட்டினி கிடக்காங்க!" என்றான் திண்ணப்பன்.

காத்தமுத்து பறந்தான். அன்றிலிருந்து இரண்டு பொந்துக்கும் அவனே ஊட்டினான். ஆனாலும் அவன் போய்ச் சேர்ந்தது தாமதம்தான். காயையும் புழுத்த பழத்தையும் தின்று ஏற்கெனவே மெலிந்திருந்த குஞ்சு, அந்தப் பட்டினியைத் தாங்கவில்லை. தனக்குக் கிடைத்த பழத்தையெல்லாம் பவளாயி அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். அது விழுங்கவில்லை.

அதன்பின் அவளுக்குப் பொந்துக்குள் என்ன வேலை? பூசிய சுவரைத் தானே கொத்தி உடைத்தாள். இறகு பாதிதான் முளைத்திருந்தது. கிளைக்குக் கிளை தத்தி, தரையில் நடந்து, காத்தமுத்து வழிகாட்ட மூங்கில் புதருக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் தனியாக வருவதைப் பார்த்ததுமே திண்ணப்பனுக்குப் புரிந்துவிட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்காகத்தானே பவளாயி எல்லாத்தையும் விட்டேன்! ஒரு நாள் சும்மா இருந்தேனா? ஒரு நாள் எனக்குன்னு ஏதாவது செஞ்சேனா?" என்று அவன் தேம்பினான்.

"நாங்க விடச் சொல்லலையே" என்றாள் பவளாயி. "பிள்ளை உங்க முகத்தைக்கூடப் பார்க்காம போயிட்டான்."



தன் மனதுக்குப் பிடித்ததைக் கடமையின் பெயரால் கொன்றுவிடுகிறவன், கடைசியில் அந்தக் கடமையையும் காப்பாற்ற முடியாமல் நிற்பான்.