ஒன்பது உலகமும் வேண்டாமென்ற ஆலா

அந்தக் காலத்தில், பறவையும் அணிலும் தேவர்களோடு சரிக்குச் சரியாக வாயாடிய காலத்தில், உலகங்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதையும் ஆஷ் என்ற ஒரே ஒரு பெருமரம் தாங்கிக்கொண்டு நின்றது. உச்சிக் கிளையில் தேவர்களின் ஆஸ்கார்ட். நடுவில் மனிதர்களின் மித்கார்ட். அதற்குக் கூப்பிடு தூரத்தில் ராட்சதர்களின் யோதுன்ஹைம். வடக்கு வேரடியில் பனியைத் தவிர ஒன்றுமில்லாத நிவில்ஹைம். தெற்கே, எரிவதைத் தவிர வேறு வேலை தெரியாத முஸ்பெல்ஹைம். குள்ளர்களுக்கு, ஒளிமனிதர்களுக்கு, இறந்துபோனவர்களுக்குக்கூடத் தனித்தனி உலகம் உண்டு. ஆனால் எதற்கும் வேலி கிடையாது. ஓர் உலகத்தில் காலையில் கிளம்பிய எறும்பு இன்னோர் உலகத்தில் சாயங்காலம் போய்ச் சேரும். எங்கே போகிறாய் என்று யாரும் மறித்ததில்லை.

மித்கார்ட் முடிந்து ராட்சதர்களின் கடல் தொடங்கும் இடத்தில் ஒரு கூழாங்கல் கரை இருந்தது. அங்கே ஆலாக்கள் குடியிருந்தன. ஆலா ஒரு கடற்பறவை. அன்றைக்கு அதற்குத் தலை முதல் கால் வரை வெள்ளை, அலகும் வெள்ளை. கிரீயா என்ற ஆலாவும் அவள் துணைவன் தெர்னியும் கற்களுக்கு நடுவே சின்னதாகப் பள்ளம் பறித்து இரண்டு முட்டை வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் அணில் ஓடி வந்தது. மரத்தில் மேலும் கீழும் ஓடிச் சேதி சொல்வதுதான் அதன் பிழைப்பு.

"கேட்டீங்களா? தேவர் சபையில முடிவாயிடுச்சு. இனி ஒவ்வொரு உலகத்துக்கும் வேலி. செத்துப்போன ஆதி ராட்சதன் இருக்கானே, அவன் புருவ மயிரைப் பிடுங்கி மித்கார்டைச் சுத்தி நடப்போறாங்க."

"எதுக்காம்?" என்றாள் கிரீயா.

"ராட்சதங்க உள்ளே வரக்கூடாதாம்."

"வேலி எந்தப் பக்கமா வருது?"

அணில் முட்டைகளைப் பார்த்தது. "நீ உட்கார்ந்திருக்கிற இடத்துல. மூணாம் நாள் பள்ளம் தோண்ட வர்றாங்க. அதுக்குள்ள எல்லாரும் ஏதாவது ஒரு உலகத்துல போய்ச் சேர்ந்துக்கணும்."

"எங்களை யார் கேட்டது?"

"என்கிட்ட ஏன் பாயுறே? நான் சேதி சொல்றவன்."

முட்டை பொரிய இன்னும் ஏழு நாள் இருந்தது. ஆலாவால் முட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது. அதையெல்லாம் சபை யோசித்ததா? சபையில் ஒருவரும் முட்டை இடுகிறவர் இல்லை.

"விட்டுரு கிரீயா" என்றான் தெர்னி. "அடுத்த வருஷம் வேற எங்கயாவது வச்சுக்கலாம்."

"அடுத்த வருஷம் வர்றது வேற முட்டை. இதுங்க ரெண்டும்?"

"நீ போய் வாதாடினா வேலி நகர்ந்துடுமா?"

"வாதாடாட்டி நகராதுன்னு நல்லாத் தெரியும். நீ அடைகாத்துக்கிட்டு இரு."

மரத்தின் வேரடியில் ஒரு சுனை. அதன் ஓரத்தில்தான் சபை. எழுத்து வராத காலம் என்பதால் சட்டம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்ல ஒருவர் இருந்தார். அவர் பெயர் தோர்கெல். அவர் முன்னால் கல்மேல் ஒரு வெள்ளி வளையம். அதைத் தொட்டு எது சொன்னாலும் அது சத்தியம்.

பறந்து வந்து இறங்கிய கிரீயாவிடம், "எந்த உலகம்?" என்று கேட்டார் தோர்கெல்.

"கரை."

"கரை ஓர் உலகம் இல்லையே."

"அப்போ நான் முட்டை வச்சிருக்கிறது எங்க, ஆகாசத்திலயா?"

சபை சிரித்தது. தோர்கெல் சிரிக்கவில்லை. "உலகம் உள்ளவர்களுக்குத்தான் இங்கே பேச்சு. சட்டம் அப்படி."

"சரிங்க. ஒன்பது உலகத்துக்கும் ஆள் வச்சுப் பேசினீங்க. நடுவுல இருக்கிறவங்களுக்காக யார் பேசினது?"

தோர்கெல் நேர்மையானவர். கண்ணை மூடி, மனத்துக்குள் சட்டத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "ஒரு விதி இருக்கிறது. பனியிலும் நெருப்பிலும் ஒரே பயணத்தில் நின்று வந்தவர், நடுவில் உள்ளதற்காகப் பேசலாம்."

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"யாரும் கேட்டதில்லை, அம்மா."

"கேட்காட்டி சொல்லவே மாட்டீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கிரீயா வடக்கே பறந்தாள்.

நிவில்ஹைமில் அவள் கால் வைத்ததும் பனி பிடித்துக்கொண்டது. பிய்த்துக்கொண்டு எழுந்தபோது கால் பாதிதான் மிஞ்சியது. அழ நேரமில்லை. தெற்கே திரும்பினாள். முஸ்பெல்ஹைமில் தரை என்று எதுவுமில்லை, எல்லாம் தணல். அதன்மேல் நின்றாள். மிச்சமிருந்த காலும் அலகும் ரத்தச் சிவப்பாகப் பழுத்தன. தலை உச்சி கரிந்து கறுத்தது. மூன்றாம் நாள் அவள் சபைக்குத் திரும்பியபோது, வேலிக்கான மயிர்க்கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

தோர்கெல் அவள் தலையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "வளையத்தில் நின்று 'இரண்டிலும் நின்றேன்' என்று மட்டும் சொல். போதும்."

அப்போது மண்வெட்டியோடு நின்ற இளந்தேவன் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான், அவள் காதில் விழட்டும் என்றே சொன்னான்: "இவ்வளவு பாடும் எதுக்குன்னு நினைக்கிறே? தனக்கு ஒரு துண்டு நிலம் வளைச்சுக்கத்தான்."

கிரீயாவுக்குச் சுருக்கென்றது. நெருப்பு சுட்டதைவிட அதிகமாகச் சுட்டது. வளையத்தின்மேல் நின்றபடியே பேசினாள்.

"இரண்டிலும் நின்றேன். இன்னும் கேட்டுக்கோங்க. ஆலாக்களான எங்களுக்கு உங்க ஒன்பது உலகத்துல ஒண்ணும் வேண்டாம். அந்தக் கரை யாருக்கும் சொந்தமில்லாம இருக்கட்டும். குஞ்சு பறக்கிற வரைக்கும்தான் அங்க இருப்போம். அப்புறம் எங்கயும் தங்கமாட்டோம். இந்தப் பனியிலிருந்து நெருப்பையும் தாண்டி, அந்தப் பக்கம் என்ன இருக்கோ அது வரைக்கும் போவோம், வருவோம், மறுபடி போவோம்."

"நான் கேட்டது அவ்வளவு இல்லையே, அம்மா" என்றார் தோர்கெல் மெதுவாக.

அதற்குள் சபை சம்மதம் சொல்லிவிட்டது. அங்கே சம்மதம் என்றால் வாளைக் கேடயத்தில் தட்டுவது. அந்தச் சத்தம் சுனை நீரைக் கலக்கியது. வேலி நூறு அடி உள்ளே தள்ளிப் போனது.

கிரீயா கரைக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னாள். முட்டைகளின்மேல் உட்கார்ந்தபடி தெர்னி கேட்டான். அவள் காலையும் கறுத்த தலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு கேட்டான், "'எங்களுக்கு'ன்னா சொன்னே?"

"ஆமா."

"எங்களை யார் கேட்டது?"

கிரீயா குட்டைக் காலை மடக்கி முட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குஞ்சுகள் பொரிந்தன. சத்தியம் வேலை செய்தது: கரையிலிருந்த எல்லா ஆலாக்களுக்கும் தலை கறுத்தது, அலகு சிவந்தது, கால் குட்டையானது. கோடை முழுக்க ஒரே சண்டை. "சிறகு என்னுது, சத்தியம் அவளுது, இது என்ன நியாயம்?" என்று ஒன்று கத்தும். "முட்டை பிழைச்சுதா இல்லையா?" என்று இன்னொன்று திருப்பிக் கத்தும். கரைக்கு யார் வந்தாலும், தேவனோ மனிதனோ கரடியோ, அந்தக் கோபத்திலேயே தலையில் ஒரு கொத்து விழும்.

கோடை முடியும் சமயத்தில் எல்லோருக்கும் சிறகு பரபரத்தது. இருக்கவும் முடியவில்லை, கிளம்பவும் மனம் வரவில்லை. அன்றைக்குக் கிரீயா எல்லோருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"சொன்னது நான். உங்களைக் கேட்காம சொன்னது தப்பு. சத்தியம் என் தலையோட போகட்டும், நான் போறேன். இருக்கிறவங்க இருக்கலாம். வர்றவங்களை இப்பத்தான் கேக்கிறேன். போகலாமா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கரை முழுவதும் சட்டென்று அடங்கியது. அலை கல்லை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கிரீயா காத்திருந்தாள்.

"உனக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடத் தெரியுமா?" என்று தெர்னி சிறகை விரித்தான். "இது தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பேனே." அவனுக்குப் பின்னால் குஞ்சுகள் எழுந்தன. அதற்கும் பின்னால் கரையே எழுந்தது.

அன்று முதல்தான் ஆலாக்கள் வருஷம் தவறாமல் வடகோடிப் பனியிலிருந்து தென்கோடிப் பனிவரை போய்த் திரும்புகின்றன. அன்று முதல்தான், கோடை முழுக்கக் காது கிழியக் கத்தும் ஆலாக் கூட்டம், கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கணம் ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஆலாவிடமும் 'போகலாமா?' என்று கேட்கப்படுகிறது.