முப்பத்தெட்டு நிமிடப் போர்

“என் மகள் என்னோடு பேசி ஆறு நாளாச்சும்மா” என்றார் ஆவுடையப்பன்.

அவருக்கு அறுபத்தொரு வயது. ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். மரகத அம்மையாருக்கு வயது நாற்பதுதான். ஆனாலும் மடத்தில் அவர்தான் குரு, இவர்தான் சீடர்.

“என்ன நடந்தது?”

“நூலகத்துல ஒரு பேச்சு. உலக சரித்திரத்துல யாருக்கும் தெரியாத அதிசயங்கள்னு தலைப்பு. சபையே கைதட்டுச்சு. பொற்கொடி மட்டும் பாதியில எழுந்து போயிட்டா.”

“எந்த இடத்தில்?”

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கேட்டால் போதும், மனிதருக்கு வாய் நிற்காது.

“சான்சிபார்னு ஒரு தீவும்மா. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தாறுல ஆங்கிலேயர்கள் அங்கே ஒரு போர் தொடுத்தாங்க. மொத்தமே முப்பத்தெட்டு நிமிஷம்! நம்ம வீட்டுல உலை வெச்சு சோறு வடிக்கிறதுக்குள்ள ஒரு போரே முடிஞ்சு போச்சுன்னேன். சிரிப்பு அடங்கவே இல்லை.”

அம்மையார் சிரிக்கவில்லை.

“உங்கள் மருமகன்?”

“ராணுவத்துல இருந்தார். போன ஆடியில எல்லையில போயிட்டார்.” குரல் இறங்கியது. “ஆனா அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அந்தத் தீவில் எத்தனை பேர் விழுந்தார்கள்?”

“செத்தவங்க, காயப்பட்டவங்க எல்லாம் சேர்த்து ஐந்நூறு பேர் வரைக்கும் சொல்றாங்க.”

“மணியடியுங்கள். ஆளுக்கு ஓர் அடி. முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.”

ஆவுடையப்பன் திடுக்கிட்டார்.

அந்த ஊரில் ஒரு சாவு என்றால் மடத்து மணி ஒரு முறை அடிக்கும். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். மணியடித்தவர் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உட்காருவார்கள்.

குருவின் வார்த்தை. கயிற்றைப் பிடித்தார்.

முதல் அடிக்குச் சமையற்கட்டில் காய் நறுக்கியவர்கள் எழுந்தார்கள். இரண்டாவதற்குத் தெருவில் சைக்கிள்கள் நின்றன. நான்கு விநாடிக்கு ஒரு தரம் இழுத்தாலொழிய கணக்குக்கு வராது. மூச்சு வாங்கியது. ஐம்பதாவது அடிக்குள் முற்றம் நிறைந்துவிட்டது. ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொற்கொடி ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை. அப்பா உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“யாருப்பா?” என்றாள். ஆறு நாளில் அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். தேதி தெரியும். போர் தொடங்கிய மணி தெரியும், முடிந்த மணி தெரியும்.

“தெரியலம்மா.”

“இத்தனை தடவை அடிச்சீங்களே, ஒருத்தர் பேர்கூடவா தெரியாது?”

“தெரியாதும்மா.”

கயிறு கையிலிருந்து நழுவியது. அத்தனை பேருக்கும் முன்னால் மனிதர் அழுதுவிட்டார்.

அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான்கு நிமிடந்தான் ஆகியிருக்கிறது ஐயா. போர் இன்னும் முடியவில்லை.”

கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தவள் பொற்கொடிதான்.