சேத்தகெண்டைக்கு வரி விழுந்த கதை

கல்லுப்பும் சாம்பலும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். செதிள் போய்விட்டது, கொழகொழப்பும் போய்விட்டது. இந்தச் சேத்தகெண்டை உடம்பில் இருக்கிற கறுப்பு வரி மட்டும் போகவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அதை அழுக்கென்று நினைத்து, தோல் உரிகிற மட்டும் தேய்த்தேன். என் மாமியார் சிரித்த சிரிப்பு படகுத்துறை வரைக்கும் கேட்டது.

இப்போது என் மகள் பக்கத்தில் குந்திக்கொண்டு, “இது ஏம்மா போக மாட்டேங்குது?” என்கிறாள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கையில் மீன் இருந்தால் கொஞ்சம் வரும். அதனால் சொல்கிறேன்.

மீனும் நண்டும் மனுஷரும் ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சேத்தகெண்டைக்கு வரியே கிடையாது. புளி போட்டு விளக்கின குடம் மாதிரி பளபளவென்று இருக்கும். வாயும் இத்தனை சின்னது இல்லை. நல்ல அகலமான வாய். அதைச் சும்மாவும் வைத்திருக்காது.

எங்கள் உப்பங்கழியில் அப்படி ஒரு கெண்டைக்காரி இருந்தாள். இறால் வீட்டில் நடந்தது நண்டுக்குத் தெரியும் முன்னே அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் அதற்கு நேர்மாறு. கேட்டால் தலையை ஆட்டுவான், கேட்காவிட்டால் வாலை ஆட்டுவான்.

அவளுக்கு முந்நூறு குஞ்சு பொரித்தது. பொரித்த அன்றைக்கே கவலையும் பிறந்தது. கடல் தண்ணீர் கழிக்குள் ஏறும்போதெல்லாம் கூடவே பெரிய மீன் கொடுவா வருவான். அவன் வாயைத் திறந்தால் ஒரு குடும்பமே உள்ளே போய்விடும். ஒளிய இவர்களுக்கு வீடு இல்லை.

நண்டிடம் போனார்கள். “வாங்க, வாங்க” என்று வளையைக் காட்டியது. புருஷனுக்கு மூக்கு மட்டும்தான் உள்ளே போனது. கெளுத்தி அக்காளிடம் போனார்கள். “சேத்துக்குள்ள பொதைஞ்சுக்கோ தங்கச்சி, நான் அப்படித்தான் கெடக்கேன்” என்றாள்.

“ஐயோ, என் உடம்பு அழுக்காயிடுமே!” என்றாள் கெண்டைக்காரி.

“அழுக்கானா கழுவிக்கலாம். கொடுவா வயித்துக்குள்ள போனா யாரு வந்து கழுவுறது?” என்று கெளுத்தி மீசையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மேலே கரையில் ஒரு சண்டை. துறையில் ஓடம் விடுகிற ஏகப்பனும் அவன் பெண்டாட்டி வேம்புலியும்.

“யோவ், வெட்டிப்போட்ட கருவேல முள்ளு அப்படியே கெடக்கு. பிள்ளைங்க கால்ல குத்துது. ஊருக்கு வெளிய கொண்டுபோய்ப் போடுன்னு நாலு நாளா சொல்றேன்!”

“போடறேன், போடறேன்.”

ஏகப்பன் கிளைகளைக் கட்டித் தலையில் வைத்தான். பத்தடி நடந்தான். முள் உச்சியில் குத்தியது. ஊர் எல்லையைப் பார்த்தான், தூரமாக இருந்தது. துறையைப் பார்த்தான், பக்கமாக இருந்தது. ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டித் துறைப்பலகைக்கு அடியில் தண்ணீரில் தள்ளிவிட்டு, வெகுதூரம் போய்வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கெண்டைக்காரிக்கு வானத்திலிருந்து வீடு இறங்கின மாதிரி இருந்தது. மேலே பலகைக் கூரை, சுற்றிலும் முள் வேலி, நடுவிலே பிள்ளைகள் ஓடியாட இடம். புருஷன் தலையை ஆட்டினான். குடி போனார்கள்.

அத்தோடு நின்றிருக்கலாம். எப்படி நிற்பாள்? பொழுது விடிந்ததும் கழி முழுக்கச் சுற்றி, “எங்க வீட்டைப் பார்த்தீங்களா? துறைக்கு அடியில, வடக்குப் பார்த்த வாசல், முள்ளுக் கதவு!” என்று சொல்லி வந்தாள். இறாலிடம் சொன்னாள், இறால் மடவை மீனிடம் சொன்னது, மடவை கழி கடலில் சேர்கிற இடத்தில் கொடுவாயிடமே சொல்லிவிட்டது.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்னே தண்ணீர் ஏறியது. ஏறின தண்ணீரோடு கொடுவாயும் வந்தான்.

“ஏ பிள்ளே,” என்று புருஷன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “நாம பளபளன்னு இருக்கோம். அசைஞ்சா தெரிஞ்சுடும். கிளை நிழல் நம்ம மேல விழுந்திருக்கு. அது விலகாம அப்படியே நில்லு. பிள்ளைங்களை வயித்துக்கு அடியில வச்சுக்கோ. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், பேசாத.”

அவள் நின்றாள். கொடுவா முள்ளைச் சுற்றிச் சுற்றி வந்தான். குருட்டுவாக்கில் மூஞ்சியை விட்டால் கண் போய்விடும். எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரே வாய். ஆனால் நிழலும் மீனும் ஒன்றாகத் தெரிந்தது. அவனுக்கு அவளுடைய குணம் தெரியும். அதனால் பேச்சுக் கொடுத்தான்.

“என்னமோ வீடு வீடுன்னாங்க. குப்பையில்ல கெடக்கு!”

கெண்டைக்காரிக்குச் செவுள் படபடவென்று அடித்தது. பேசவில்லை.

“உன் நாத்தனார் சொன்னா, நீ சோம்பேறியாம். குஞ்சுக்கு ஒரு வேளைதான் இரை குடுப்பியாமே?”

நாத்தனார் பேரைக் கேட்டதும் பதில் தொண்டை வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினாள். புருஷன் இமைக்காமல் பார்த்தான். மீனுக்கு இமை இல்லை, அது வேறு விஷயம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கொடுவா கடைசியாக மெதுவாகச் சொன்னான்.

“இங்க வர்ற வழியில ஒரு கெண்டைக் குஞ்சைப் பார்த்தேன். தனியா அழுதுக்கிட்டு நின்னுச்சு. உன்னுதுல முந்நூறும் இருக்கா, எண்ணிப் பார்த்தியா?”

எந்தத் தாய்க்குத்தான் எண்ணிப் பார்க்கத் தோன்றாது! எண்ணவேண்டும் என்றால் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் முந்நூறும் போய்விடும். கூப்பிடாவிட்டால், ஒருவேளை அந்த ஒன்று... அவள் உதட்டை இறுக்கினாள். இறுக்க இறுக்க வாய் சுருங்கியது. அகலமான வாய் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. அப்படியும் திறக்கவில்லை.

இவளைப் பேசவைப்பதிலேயே குறியாக இருந்த கொடுவா, தண்ணீர் வடிந்ததைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். வயிறு சேற்றில் தட்டியது. கடலுக்குப் போகிற வழியில் கொக்கு நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் வேம்புலி குடத்தோடு துறைக்கு வந்தாள். கீழே பார்த்தால் முள்ளுக்கட்டு. பக்கத்தில் பிள்ளை நீளத்துக்கு ஒரு கொடுவா துள்ளிக்கொண்டு கிடக்கிறான்.

“யோவ்! ஊருக்கு வெளிய போடச் சொன்ன முள்ளு இங்க ஏன்யா கெடக்கு?”

ஓடிவந்த ஏகப்பன் முள்ளைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், நெஞ்சை நிமிர்த்தினான். “பின்ன? மீன் சேரட்டும்னு யோசிச்சுத்தான் போட்டேன்!”

வேம்புலி ஒரு பார்வை பார்த்தாள். “அப்படியா? இனிமே வருஷா வருஷம் நீயே யோசிச்சுப் போடு” என்றாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் கொடுவாக் குழம்பு.

கொடுவாயைத் தூக்கிக்கொண்டு போனதும் கெண்டைக்காரி எண்ணினாள். முந்நூற்றொன்று வந்தது. மறுபடியும் எண்ணினாள். அதே முந்நூற்றொன்று. பார்த்தால் ஒன்றுக்கு மீசை இருந்தது. கெளுத்தி அக்காள் பிள்ளை, பயத்தில் இங்கே வந்து ஒண்டியிருக்கிறான். தேடிக்கொண்டு வந்த அக்காள், “உன் வீடே மேல் தங்கச்சி” என்று அவளும் அங்கேயே தங்கிவிட்டாள்.

“பொழைச்சோம்!” என்று கத்தலாம் என்று கெண்டைக்காரி வாயைத் திறந்தாள். சுருங்கின வாய் சுருங்கினதுதான். சத்தம் வரவில்லை. நிழலை விட்டு வெளியே வந்தாள். நிழல் கூடவே வந்தது. அத்தனை நேரம் அசையாமல் நின்றதில் கிளையின் நிழல் உடம்பில் வரிவரியாக ஒட்டிக்கொண்டது. பலகை இடுக்கு வழியாக விழுந்த வெயில் நடுநடுவே முத்துப்புள்ளியாக ஒட்டிக்கொண்டது. புருஷனுக்கும் அப்படியே. முந்நூறு பிள்ளைகளுக்கும் பிறகு அப்படியே வந்தது.

அன்றையிலிருந்துதான் சேத்தகெண்டை துறைக்கு அடியிலும் முங்கின முள்ளுக்குள்ளும் குடியிருக்கிறது, இரையைக்கூட வாயைத் திறந்து கவ்வாமல் உரசி உரசிப் பார்க்கிறது. குஞ்சோடு நிற்கிற கெண்டைக்கு எங்கள் ஊரில் யாரும் தூண்டில் போடுவதில்லை. முள்ளுப் பக்கம் தூண்டில் போடுகிற ஆம்பிளைகளும், சின்னச் சத்தம் கேட்டாலே அது உள்ளே போய்விடும் என்று, விடிந்ததிலிருந்து ஒரு சொல் பேசுவதில்லை. அங்கே பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, கரையேறினதும் நேராக வீட்டுக்கு வந்துதான்...

“ஏ செல்லி! இன்னுமா மீன் கழுவற? வயிறு காயுது, உலை வச்சியா இல்லையா? தூண்டில் நரம்பை எங்க வச்ச? பிள்ளை ஏன் வெயில்ல உக்காந்திருக்கு?”

இதோ வந்துட்டேங்க... பார்த்தியாடி மகளே, நான் சொன்னேனில்ல, அந்தக் கெண்டைக்காரி மட்டும் அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா இந்தப் பேச்சையெல்லாம் உங்கப்பா தூண்டில் போடற எடத்துலயே பேசித் தீர்த்திருப்பாரு.