கத்தாத செல்கள்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சிஷ்யருக்கு நாற்பத்தாறு. அதனால் குரு சிஷ்யரை "சார்" என்பார், சிஷ்யர் குருவை "மேடம்" என்பார். என்ன செய்ய, படிப்பு வயது பார்த்தா வருகிறது?

குரு, டாக்டர் நிலோஃபர். பாளையங்கோட்டையில் பூஞ்சை நோய்களை ஆராயும் சின்னக் கூடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. சிஷ்யர் தைரியநாதன் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார். சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"நான் ஸ்கூலுக்கே போயிடறேன் மேடம். திங்கட்கிழமை சேரலைன்னா வேலை போயிடும். இங்கயும் ஒண்ணும் நடக்கலை."

"என்ன நடக்கலை?"

"வாயோட உள்தோல் செல்லைத் தட்டுல வளர்த்து, பூஞ்சையை விட்டேன். செல் ஏதாவது ரசாயனத்தைச் சுரந்து ஆபத்துன்னு கத்தியிருந்தா, மேல நிக்கிற தண்ணியைச் சோதிக்கும்போது மஞ்சளாகணும். எட்டு மாசம், பதினாலு தட்டு. பச்சைத்தண்ணி மாதிரியே இருக்கு. இந்தச் செல்லுக்குச் சுரணையே இல்லை!"

டாக்டர் கடிதத்தைத் தொடவில்லை. "பூஞ்சை யார் வாயிலேர்ந்து எடுத்தது?"

தைரியநாதன் கொஞ்சம் நெளிந்தார். "என் வாயிலேர்ந்துதான். சுலபமா இருந்தது."

"உங்களுக்கு வாய் வெந்திருக்கா சார்?"

"இல்லையே."

நிலோஃபருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட போங்க சார்! வருஷக்கணக்கா சண்டை சச்சரவு இல்லாம உங்ககூடக் குடியிருக்கிற ஆளைக் கொண்டுபோய் விட்டுட்டு, திருடன் திருடன்னு கத்தலையேன்னா எப்படி?"

அவருக்குக் கோபம் வந்தது. "கேலி பண்ணாதீங்க மேடம்."

"வாங்க, இன்னொரு தட்டு போடலாம்."

பக்கத்து ஆஸ்பத்திரி வார்டில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. வாயெல்லாம் வெள்ளை படர்ந்து நாலு நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. மருந்து ஆரம்பிப்பதற்கு முன் அவள் நாக்கிலிருந்து எடுத்து வளர்த்த பூஞ்சை கூடத்தில் இருந்தது. தட்டின் ஒரு பக்கக் குழிகளில் அதை விட்டார்கள், மறுபக்கம் வாத்தியாருடையதை.

வெள்ளிக்கிழமை காலை தைரியநாதன் நுண்ணோக்கியில் குனிந்தார். அவருடைய பூஞ்சை உருண்டை உருண்டையாகச் செல்களின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பேச்சியம்மாளுடையது நீள நீளமாக நூல் விட்டு, செல்லைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

தண்ணீரைச் சோதித்தார். ஒரு பக்கம் மஞ்சள், நல்ல மஞ்சள். மறுபக்கம் பழைய பச்சைத்தண்ணிதான்.

"கத்திடுச்சு மேடம்!" என்றார். கண் கலங்கிவிட்டது.

"சுரணை இல்லைன்னீங்க."

"ரெண்டும் ஒரே பூஞ்சைதானே?"

"ஒரே வகைதான். மேல உட்கார்ந்தாலும் செல்லுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருக்கு. நூல் விட்டுத் துளைச்சு, விஷத்தையும் கக்கினாத்தான் ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களைக் கூப்பிடும்."

"முதல்லயே கூப்பிட்டா நல்லதில்லையா?"

"தொட்டதுக்கெல்லாம் கூப்பிட்டா, வர்றவங்க போடுற சண்டையில வாயே புண்ணாயிடும்."

தைரியநாதன் கையுறையைக் கழற்றினார். கடிதம் மேஜையில் அப்படியே கிடந்தது. டாக்டரும் அதைப் பார்த்தார்.

"வேலை போயிடும்னு பயந்தா எழுதினீங்க?"

"அது லீவு போட்ட அன்னைக்கே தெரியும் மேடம். வேலை போனாலும் வீட்டுக்காரி சம்பளத்துல ஓட்டிடலாம்னு பேசித்தான் வந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "போன ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டுல, என் மச்சினன் பந்தியில எல்லார் முன்னாடியும், 'எங்க அத்தான் இப்ப எச்சி ஆராய்ச்சி பண்றாரு'ன்னுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலை. அன்னைக்கே எழுதிட்டேன்."

நிலோஃபர் நுண்ணோக்கியில் குனிந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தட்டை நகர்த்தினார்.

"உங்க மச்சினன் பேச்சு உருண்டையா சார், நூல் விட்டதா?"

தைரியநாதன் புதுக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு, பதினாறாவது தட்டின் மூடியில் திங்கட்கிழமைத் தேதியை எழுதினார்.