கட்டில் மணி

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. உப்பள வேலையை விட்ட பிறகு, வைகுண்டமணி செல்வினின் ரேடியோக் கடையில் சர்க்யூட் கட்டப் பழகினார்.

அன்று மதியம் ஒரு ரப்பர் பாயும், அதிலிருந்து வயரில் தொங்கும் சர்க்யூட்டுமாக வந்து நின்றார். அவரே கட்டியது. மறதி நோய் கண்ட மனைவி ரஞ்சிதம், அவர் தூங்கும்போது எழுந்து தெருவில் இறங்கிவிடுவார். ஒருமுறை லாரிக்கு முன்னால் போய் நின்றார். அதனால்தான் இந்தப் பாய். மெத்தைக்கு அடியில் விரித்துவிட்டால், ரஞ்சிதம் எழுந்ததும் பாரம் நீங்கி மணி அடிக்கும்.

"அடிக்க மாட்டேங்குது மாஸ்டர்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. டிரான்சிஸ்டர் மாத்தினேன். ரிலே மாத்தினேன். பேட்டரி புதுசு. எல்லா முனையிலும் திரும்ப ஈயம் வச்சேன்."

செல்வின் சர்க்யூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈயம் வச்சீங்களா, இட்லி ஊத்துனீங்களா அண்ணாச்சி?"

வைகுண்டமணி சிரிக்கவில்லை.

செல்வின் பாயைப் பெஞ்சில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து எழுந்தார். மணி அடித்தது. இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்தார். அடித்தது.

"நல்லாத்தான இருக்கு."

"இங்க அடிக்குது. வீட்டுல அடிக்கல. உள்ள எங்கயோ வயர் விட்டு விட்டுப் பிடிக்குது."

"மதினி எந்திரிச்சத நீங்க பாத்தீங்களா?"

"எந்திரிக்காமலா இருப்பா? நான் அசந்திருப்பேன். அவ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டு, வந்து படுத்திருப்பா."

"காலையில காப்பிக்கு எந்திரிக்காங்களா?"

"நான்தான் கரண்டியால ஊத்துதேன். வாயத் தொறக்க மாட்டேங்கா." அவர் பாயின் ஓரத்தைத் தடவினார். "அத விடுங்க. பழுது எங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவ எந்திரிச்சா எனக்குத் தெரியணும்."

செல்வின் மீட்டரைக் கையில் எடுத்தார். எதையும் தொட்டுப் பார்க்காமல் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் பாயில் உட்கார்ந்தார்.

மிக்சியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். செல்வின் அசையவில்லை. மணி அடிக்கவில்லை.

"எந்திரிங்க மாஸ்டர்."

செல்வின் உட்கார்ந்தே இருந்தார்.

"நீங்க எந்திரிச்சாத்தான அடிக்கும்" என்றார் வைகுண்டமணி. சொல்லிவிட்டு, செல்வின் உட்கார்ந்திருந்த பாயையே பார்த்தார்.

"ஆமா. எந்திரிக்கல, அதான் அடிக்கல" என்றார் செல்வின். "எந்தப் பார்ட்ட மாத்தச் சொல்லுதீங்க, அண்ணாச்சி?"