சங்கு போட்ட முறை

காங்கேயம் பக்கம் ஓர் அரிசி ஆலை இருந்தது. நெல் வேகவைக்க அங்கே ஒரு பாய்லர். ஆள் பார்க்க யானை மாதிரி இருந்தாரே தவிர, தன் வயிற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பது அவருக்கே தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல இரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

ஒருவர் கண்ணாடிக்குழாய். பாய்லரோடு வந்தவர், முப்பது வருட சர்வீஸ். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதே மட்டத்தில் இவருக்குள்ளும் நிற்கும். மணிக்கொரு தரம் "பாதிக்கு மேல இருக்குது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

இன்னொருவன் சென்சார். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பாய்லருக்குள் ஒரு கம்பியை விட்டுக்கொண்டு, தண்ணீர் நூற்றுக்கு எவ்வளவு என்பதைச் சுவரில் சிவப்பு எழுத்தில் "அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பான். தண்ணீர் ஏற்றுகிற பம்பு இவர்களில் யார் சொன்னாலும் ஓடுவான். யோசிப்பதெல்லாம் அவன் வேலை இல்லை.

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு ஆலைச் சங்குக்கு. பதினைந்து வருட சர்வீஸ், கூரைக்கு அடியில் இடம். பெரியவரை "அண்ணா" என்றும் சின்னவனை "கண்ணு" என்றும் கூப்பிட்டு, இருவர் சொல்வதையும் கேட்டு, ஆபத்து என்றால் விட்டு விட்டு மூன்று தடவை அலறவேண்டியது அவர் வேலை.

ஆனால் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். "வாய் வலிக்கலையாடா உனக்கு?" என்பார் கண்ணாடி. கண்ணாடியின் மேலெல்லாம் டீக்கறை மாதிரிப் படிந்திருந்த பழுப்பைக் காட்டி, இதுக்குள்ள தண்ணி தெரியுதுன்னு யாருங்க சொன்னது என்று கேட்பான் சென்சார். ஒருநாள் சண்டை முற்றி இருவரும் ஒரே நேரத்தில் கத்த, எது நிஜம் என்று புரியாமல் சங்கு பதறிப்போய் அலறிவிட்டார். ஆலை நின்றது. ஆட்கள் ஓடினார்கள். வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். பாய்லர் பார்க்கிற நாச்சிமுத்து ஏணி போட்டு ஏறி, சங்கின் வாயில் சாக்கை வைத்து இறுக்கிக் கட்டினார். மூன்று நாள் அந்தச் சாக்கு அப்படியே இருந்தது.

அந்த மூன்று நாளைச் சங்கு மறக்கவே இல்லை. சாக்கை அவிழ்த்ததும் முதல் வேலையாக ஒரு முறை போட்டார். காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை கண்ணாடி மட்டும் பேசலாம். இரண்டிலிருந்து இரவு பத்து வரை சென்சார் மட்டும் பேசலாம். ஒருவர் முறையில் மற்றவர் வாயே திறக்கக்கூடாது.

என்ன அமைதி! இரண்டு மாதமாக ஒரு சண்டை இல்லை. ஆளை நிர்வகிப்பது என்றால் இதுதான் என்று சங்கு தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

அப்போதுதான் நாச்சிமுத்து தங்கை மகளின் காதுகுத்துக்குப் புறப்பட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? நான்கு நாள் லீவு. அவர் இடத்துக்குத் தண்டபாணி என்று ஒருவர் வந்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு மூடுவார். புதுத் தண்ணீர் குபுக்கென்று ஏறும். கண்ணாடிக்கு வாய் கொப்பளிக்க வைப்பது என்று அதற்குப் பேர். தண்டபாணிக்கு அந்த வழக்கம் தெரியாது. கண்ணாடியும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் ஒன்று நாற்பது இருக்கும். தண்டபாணி வெளியே சாப்பிட உட்கார்ந்திருந்தார். வெறும் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் ஒரு வாசம் வருமே, அந்த வாசம் சங்குக்கு அடித்தது. பாய்லருக்குள் எங்கேயோ டிங், டிங் என்று மெல்லிய சத்தம்.

"அண்ணா, தண்ணி எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல இருக்குது" என்றார் கண்ணாடி. குரலில் வழக்கமான மிடுக்கு இல்லை.

சங்கு சென்சார் பக்கம் திரும்பினார். அடுத்தவர் முறை என்பதால் அவன் எண்களை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளியோடு உட்கார்ந்திருந்தான். எவ்வளவு என்று கேட்டதற்கு, என் முறை ரெண்டு மணிக்குத்தானுங்க என்றான். சங்கு கெஞ்சினார். கடைசியில் அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"பதினொன்றரைக்கே நாப்பதுக்குக் கீழ போயிருச்சுங்ணா. இப்ப ஒம்பது."

சங்கு அவனைக் கடிந்துகொண்டார். "ஏன் கண்ணு சொல்லல?"

"நீங்கதானுங்க சொல்லக்கூடாதுன்னீங்க."

சங்கு ஜன்னல் வழியாகப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் களத்தில், அவித்த நெல்லைக் காயப்போட்ட பதினான்கு பெண்கள் சுவர் நிழலிலேயே வட்டமாக உட்கார்ந்து சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். பாய்லருக்கும் அவர்கள் முதுகுக்கும் நடுவில் முக்கால் அடிச் சுவர்.

அலறலாமா? வாய்வரை வந்தது. கூடவே சாக்கின் ஞாபகமும் வந்தது. கண்ணாடி பாதி என்கிறார், சென்சார் ஒன்பது என்கிறான். இதுவும் பொய்யாகிப் போனால் இந்தத் தடவை சாக்கோடு நிற்க மாட்டார்கள், கழற்றியே எறிந்துவிடுவார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சென்சார்தான் ஆறுதல் சொன்னான். "பயப்படாதீங்ணா. ரெண்டு மணிக்கு என் முறை வந்துரும். வந்ததும் பம்பை முழு வேகத்துல விட்டர்றேன். பத்தே நிமிசத்துல ரொம்பிரும், யாருக்கும் தெரியாது."

சங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அலற வேண்டாம். யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டாம். பதினைந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். அவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பம்பும் ஓடுவதற்குத் தயாராக உடம்பைச் சிலிர்த்துக்கொண்டான்.

டிங், டிங் சத்தம் கூடியது. இரண்டுக்கு எட்டு நிமிடம். இரண்டுக்கு ஆறு.

"தம்பி" என்று ஒரு குரல் கேட்டது. கண்ணாடி. எட்டு மாதத்தில் சென்சாரை அவர் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. "பம்பை விட்டுராதே."

"பாதி இருக்குதுன்னீங்களே. அப்புறம் விட்டா என்னங்க?"

கண்ணாடி உண்மையைச் சொன்னார். "பாதி இல்ல. எனக்குள்ள நிக்கிறது நேத்தைய தண்ணி. மூணு நாளாக் கொப்பளிக்காம அடியில உப்பு அடைச்சுக்கிச்சு. உள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாது."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சங்கு கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியது. அடைத்துப்போன கண்ணாடியைக் காயலான் கடைக்குப் போடத்தான் செய்வார்கள், அதுவும் இந்தப் பொடியன் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அந்தப் பயத்தில் காலையிலிருந்து பழைய தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் மனுஷன்.

"இரும்பு காஞ்சு பழுத்துக் கெடக்குது" என்றார் கண்ணாடி. "இப்பப் பச்சைத்தண்ணி பட்டா அத்தனையும் ஒரே நொடியில ஆவியாயிரும். பாய்லர் தாங்காது, இந்தச் சுவரும் நிக்காது. மொதல்ல தீயை அணைக்கோணும். தண்ணியத் தொடவே கூடாது. இங்க வந்த முதல் வருசம் பாய்லரைப் பொருத்துனவங்க சொன்னது."

சென்சாரின் ஒற்றைப் புள்ளி துடித்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அவன் செய்ய இருந்தது என்ன என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "எனக்கு எத்தனைன்னு மட்டுந்தானுங்க தெரியும். இது யாருமே சொல்லலியே."

"நாம ஒண்ணாப் பேசித்தான் ரெண்டு மாசம் ஆச்சே" என்றார் கண்ணாடி.

இருவரும் சங்கை நிமிர்ந்து பார்த்தார்கள்.

சங்கு அலறினார். சாக்கு, முதலாளி, காயலான் கடை எல்லாம் மறந்துபோய் மூன்று தடவை, மறுபடி மூன்று தடவை, கூரைத் தகரம் அதிர அலறினார். களத்துப் பெண்கள் சோற்றுக் கையோடு எழுந்து ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். தண்டபாணி எதிர்த்திசையில், பாய்லரை நோக்கி ஓடிவந்தார்.

சென்சார் "ஒம்பது" என்று சிவப்பில் எரிந்தான். அதைப் பார்த்த தண்டபாணி என்ன செய்வார்? தண்ணீர் இல்லை என்றால் தண்ணீர் விட வேண்டும். அவர் கை நேராகப் பம்பின் சுவிட்சுக்குப் போனது.

"ஓடாதே" என்றான் சென்சார் பம்பிடம்.

"ஓடிராதே சாமி" என்றார் கண்ணாடியும்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிப் பம்பு கேட்டதே இல்லை. அவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். தண்டபாணி சுவிட்சைத் தட்டினார், ஓங்கி அடித்தார், பம்பைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு வேறு வழியில்லாமல் ஓடிப்போய் அடுப்புக்குள் உமி விழுவதை நிறுத்தினார். அடுப்பில் கிடந்த தீயை வாரி வெளியே இழுத்துப் போட்டார். மாலை வரைக்கும் பாய்லர் முனகிக்கொண்டே ஆறினார்.

உள்ளே நான்கு குழாய்கள் நெளிந்துபோயிருந்தன. ஆலை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. சங்கை யாரும் பாராட்டவும் இல்லை, சாக்குக் கட்டவும் இல்லை. நாச்சிமுத்து காதுகுத்தில் முடியிறக்கிய மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றி, கம்பி விட்டு உப்பைக் குடைந்து எடுத்து மறுபடி மாட்டினார். அன்றைக்கே சங்கு தன் முறையை எடுத்துவிட்டார்.

பழையபடி சண்டை ஆரம்பித்தது. அறுபத்திரண்டு என்பான் சென்சார். பாதிக்கு மேலன்னு சொன்னா ஆகாதாடா என்பார் கண்ணாடி. இன்னைக்கு வாய் கொப்பளிச்சாச்சுங்ளா பெருசு என்பான் இவன். பம்பு காதைப் பொத்திக்கொள்வான். சங்கு கூரைக்கு அடியில் கண்ணை மூடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பகலில் திடீரென்று இரண்டு குரலும் நின்றுபோயின. சங்கு சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் பேசாம இருக்கறீங்க?" என்று கேட்டார். "சண்டையாவது போடுங்க சாமி."