ரெட் திரும்பி வரும் இடம்

புரசைவாக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியறை. அங்கே நவாஸ் மனதுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வயது முப்பத்தொன்று. அவரிடம் கற்க வந்த ஃபிலோமினாவுக்கு நாற்பத்து நான்கு. குரு சின்னவர், சீடர் பெரியவர். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. தலையில் ஒயர் மாட்டியிருக்கும்வரை அவர் மாஸ்டர். படியிறங்கிவிட்டால் தம்பி.

ஃபிலோமினா ராயபுரத்துக்காரர். கேரம் ஆடுகிறவர். ஏழு வயதில் ஸ்ட்ரைக்கர் பிடித்த கை அது.

போன வருடம் மாநில ஃபைனலில், கடைசிச் சுற்றில், 'ரெட்' என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டார். ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றையும் போட்டால்தான் ரெட் சொந்தம். அதற்குப் பெயர் ஃபாலோ. காய் குழியின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. குழந்தைகூடப் போட்டுவிடும். கை நடுங்கியது. போகவில்லை.

ரெட்டைக் குழியிலிருந்து எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் 'ச்சொ' என்றார்கள்.

அந்தச் 'ச்சொ' அரங்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது பஸ் ஏறி அவருடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. படுத்தால் காதில் கேட்டது. அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஃபாலோ என்று வந்தாலே கை நடுங்கியது.

"ரெட்டு திரும்பி வர்றதுதான் மாஸ்டர் எங்களுக்குத் தண்டனை. ஊரே பாக்கும்" என்றார் முதல் நாள்.

"இந்த வருஷம் டீம் செலக்ஷன் எப்பக்கா?"

"அடுத்த மாசம். அதுலயும் நடுங்கிச்சுன்னா போர்டைச் செவுத்துல சாத்திட்டுப் போயிடுவேன். அதோட முடிஞ்சிது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்தேழு வருட ஆட்டத்தை விடுவதென்று தீர்மானித்துவிட்ட முகம்.

பயிற்சி எளிமையானதுதான். தலையில் பசை தடவி மூன்று ஒயர்களை ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு படகு. மூளையின் அலைகள் நிதானப்பட்டால் படகு நகரும். இல்லாவிட்டால் நிற்கும். ஒயர் வழியாக உள்ளே எதுவும் போகாது. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி, இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் ஆயிற்று. படகு நின்ற இடத்திலேயே நின்றது.

ஃபிலோமினா பல்லைக் கடித்துப் பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். மனதுக்குள் ஜெபமாலை சொன்னார். ஒரு நாள் படகை ராயபுரத்து மொழியில் திட்டவும் செய்தார். படகுக்கு ரோஷம் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் படகு சர்ரென்று போனது.

"பாத்தீங்களா மாஸ்டர்!"

நவாஸ் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார். "கண்ணை நல்லா தொறங்கக்கா."

திறந்தார். படகு நின்றது. கண்ணைப் பாதி மூடினால் படகு போகும் என்று அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தார்.

"அரைக்கண்ணுல ஃபாலோ அடிப்பீங்களா?"

ஃபிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கண் கலங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை செலக்ஷன். இன்னும் நாலே நாள். இந்த மனசை எப்பிடி அடக்குறது, அதை மட்டும் சொல்லிடுங்க மாஸ்டர்."

நவாஸ் பஞ்சை நனைத்து அவர் தலையிலிருந்த பசையைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் அறையில் ஒரு கேரம் போர்டு கிடந்தது. பக்கத்து மெக்கானிக் கடையில் இரவல் வாங்கியது. ஒரு மூலையில் கிரீஸ் கறை.

"இதுலயா?" என்றார் ஃபிலோமினா. அவருக்குப் போர்டு விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு.

"என்கூட ஒரு ஆட்டம்."

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாது."

ஒயரை மாட்டினார். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். படகு போகிறதா நிற்கிறதா என்று இருவருக்குமே தெரியாது. கருவி மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தது.

மாஸ்டர் சொன்னது உண்மைதான். அவருக்கு ஆடத் தெரியவில்லை. முதல் அடியில் ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் அனுப்பினார். இரண்டாவது அடியில் அது போர்டைத் தாண்டி நாற்காலிக்கு அடியில் போனது. ஃபிலோமினா காய்களை வரிசையாகப் போட்டார். பிறகு ரெட்டைப் போட்டார்.

ஃபாலோ. காய் பக்கத்தில்தான் இருந்தது. எதிரில் ஆடத் தெரியாத மனிதர், பார்க்க ஒருவரும் இல்லை. அப்படியும் விரல் நடுங்கியது.

போகவில்லை.

ஃபிலோமினா குழியில் கைவிட்டு ரெட்டை எடுத்தார். ஒட்டியிருந்த பவுடரைக் கட்டைவிரலால் துடைத்தார். நடு வட்டத்தில் வைத்து, இம்மியளவு நகர்த்திச் சரியாக உட்காரவைத்தார்.

"போதும்க்கா" என்ற நவாஸ் திரையைத் திருப்பினார். "படகு எப்ப போயிருக்கும், சொல்லுங்க."

"ரெட்டு போட்டப்ப."

"இல்ல. அப்ப நின்னுச்சு."

"அப்ப வரிசையா காய் போட்டப்ப."

"அப்பவும் இல்ல."

பதிவை ஓட்டிக் காட்டினார். ஆட்டம் முழுக்கப் படகு நின்றிருந்தது. ஃபாலோ தவறிய இடத்தில் தண்ணீர் கலங்கியது. அதற்கப்புறம் படகு நகர்ந்தது. ஒன்பது நொடி, தடங்கலே இல்லாமல்.

"அப்ப என்ன செஞ்சீங்க?"

ஃபிலோமினா யோசித்தார். "ஒண்ணும் செய்யல. ரெட்டை எடுத்து நடுவுல வச்சேன்."

"கை நடுங்கிச்சா?"

தன் கையைத் திருப்பிப் பார்த்தார், கைக்குத்தான் தெரியும் என்பதுபோல. "அதுல நடுங்க என்ன இருக்கு. எடுத்து வக்கிறதுதானே."

"இன்னிக்கு இவ்ளோதான். ஞாயித்துக்கிழமை முடிச்சிட்டு வாங்க."

"மனசை அடக்குறதுக்குக் கேட்டேனே?"

நவாஸ் போர்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

திங்கட்கிழமை ஃபிலோமினா பால்கோவா டப்பாவோடு படியேறினார். ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டீம்ல நாலு பேரு மாஸ்டர். நாலாவது பேரு என்னுது."

நவாஸுக்குத் தன் நெஞ்சில் இருந்தது பாரம் என்பதே அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவரும் மனிதர்தானே. ஒரு பால்கோவாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்பிடி ஆடினீங்க?"

"கடைசி மேட்ச். எதிர்ல பத்தொம்பது வயசுப் பொண்ணு. ரெட்டு போட்டேன். ஃபாலோ போகல."

நவாஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

"'ச்சொ'ன்னாங்க. அதே ச்சொ. அம்பயர் ரெட்டை எடுத்து நடுவுல வச்சாரு. போன வருஷம் மூஞ்சைத் திருப்பிக்கினேன். இந்தத் தடவை பாத்துகினே இருந்தேன். அவர் வக்கிறப்ப என் கையும் மடியில அதையே செஞ்சிது. அந்தப் பொண்ணும் ரெட்டை விட்டுடுச்சு. திரும்ப எனக்கு வந்துது. ரெட்டு போட்டேன். ஃபாலோவும் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வூட்டுக்குப் போனேன். தூங்கிட்டேன். பத்து மாசத்துக்கப்புறம் தூங்கினேன் மாஸ்டர். காலையில எங்க வூட்டுக்காரரு மூக்குல கை வச்சுப் பாத்திருக்காரு, மூச்சு வருதான்னு."

இருவரும் சிரித்தார்கள். ஃபிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே கடையில் யாரோ கண் பரிசோதனைக்கு எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரம் கழித்து ஃபிலோமினா குரலைத் தாழ்த்தினார்.

"ஜெயிச்சிட்டேன்னு மறைக்கக் கூடாது. உங்க பாடம் எனக்கு வரல. மனசு அடங்கவே இல்ல. அந்த ஒரு மேட்ச்சுல மட்டும் ஏழு தடவை ஓடிச்சு. எண்ணினேன்."

"ஓடினப்ப என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்றது. இட்டாந்து இட்டாந்து உக்கார வச்சேன். ஏழு தடவையும் அதே வேலை. அசிங்கமா இருக்கு மாஸ்டர்."

நவாஸ் டப்பாவை மூடினார்.

"ஃபாலோ போகலன்னா ரெட்டை எங்கக்கா வைப்பாங்க?"

"நடுவுல."

"அது தண்டனைன்னு உங்க ரூல்ல எழுதியிருக்கா?"